எண் ஏழு

ஸ்டோர் ரூமுக்கு ஒரே ஜன்னல்.
அதில் சேர்வராயன் மலை பாதி தெரியும்,
மீதியைச் சூளைப் புகைபோக்கி எடுத்துக்கொள்ளும்.
பதினோரு வருஷமாக இந்தக் கம்பிவலைக்குப் பின்னால் நின்று
கருப்பூர் வெள்ளைக்கல்லை வேகவைக்கும் ஆட்களுக்கு
உறையும் கவசமும் எடுத்துத் தருகிறேன்.

"ஒரு கிளவுஸ் குடுக்கா" என்பவனுக்கு
முதலில் தருவது ஒரு கேள்வி:
எதுக்கு?

சூளை வாய்க்கென்றால் தோல், முழங்கை வரை.
அதையே லேபில் ஆசிட் ஊற்றப் போட்டுப் போனால்
தோல் அதைக் குடித்து வைத்துக்கொண்டு
உன் கையில் கக்கும்.
அங்கே ரப்பர்.

மூக்கென்றால் பேச்சு நீளும்.
இரண்டு பட்டையும் தலைக்கு ஏறணும்.
ஒன்று மோவாய்க்குக் கீழே தொங்கினால்
அது மூச்சுக்குப் போட்டதல்ல,
சூப்பர்வைசருக்குப் போட்டது.
கார்த்திகையில் மாலை போட்டவர்களுக்கு
தாடி முளைக்க முளைக்க
முகமூடியின் விளிம்பு எழும்பிக்கொள்ளும்.
சாமிக்கு வளர்த்த தாடி வழியாகத் தூசி உள்ளே போகும்.
மண்டலம் முடியும்வரை
மாதையனையும் மற்ற நாலு பேரையும்
கேட் வேலைக்கு மாற்றச் சொல்லி எழுதினேன்.
மேலே போய், கையெழுத்தோடு கீழே வந்த
ஒரே கடுதாசி அதுதான்.

டிரில்லிங் மிஷின் பிகாஷ் வந்து கையை நீட்டினான்.
இல்லை என்றேன்.
அலமாரி நிறைய இருக்கிறதே என்று
அவன் ஹிந்தி சொன்னது.
முந்தானை நுனியை என் விரலில் சுற்றி
முறுக்கி, முறுக்கி,
விரல் நுனி நீலமாகும்வரை காட்டினேன்.
வெறுங்கையோடு திரும்பிப் போனான்.
அன்று நான் கொடுத்ததில்
சரியான சரக்கு அது ஒன்றுதான்.

பாவாயியின் கை எண் ஏழு.
அலமாரியில் இருப்பதெல்லாம் பத்து.
வாங்கியவர் தன் கையை மனதில் வைத்து வாங்கியிருப்பார்.
ஒவ்வொரு விரல் நுனியிலும் அரை அங்குலம்
ஆளில்லாத வீடு மாதிரி மடங்கிக் கிடக்கும்.
அதோடுதான் ஓடும் பெல்ட்டில்
கறுப்புக் கல்லைப் பொறுக்கினாள்.

கோட்டை மாரியம்மன் பண்டிகை.
பெல்ட்டில் பாதிப்பேர் லீவு.
வால் உருளைப் பக்கம் அவள் மட்டும்.
அந்தக் காலி நுனியை உருளை பிடித்தது.
உறை உள்ளே போனது.
கை வெளியே வந்தது.

"பாத்தியா, பெருசா இருந்ததாலதான் தப்பிச்சா.
பத்தே இருக்கட்டும்" என்றார் மேனேஜர்.
எல்லாரும் சிரித்தார்கள், பாவாயியும்.
டீ கிளாஸை மட்டும்
அவளால் பிடிக்க முடியவில்லை.

காலியாக இருந்ததால் மாட்டியது,
காலியாக இருந்ததால் விட்டது.
ஒரே அரை அங்குலம்
இரண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்கிறது.
நான் என்ன எழுத?

இன்டென்ட் எழுதினேன்.
உருளைக்குக் கம்பிவலை மூடி, ஒன்று.
இழுத்தால் நிற்கும் கயிறு, பெல்ட் நீளத்துக்கு.
எல்லாவற்றுக்கும் கடைசியில்,
கையுறை, எண் ஏழு, நாற்பது ஜோடி.

"நீ ஸ்டோரு. மூடியெல்லாம் மெக்கானிக்கல் பாத்துக்குவாங்க."
முதல் இரண்டு வரியில் சிவப்புக் கோடு.
மூன்றாவதில் நாற்பது, பன்னிரண்டானது.

வந்த அன்று பாவாயி போட்டுப் பார்த்தாள்.
விரலை மடக்கினாள், விரித்தாள்,
கவுன்ட்டரில் கிடந்த குண்டூசியை எடுத்தாள்.
"என்னக்கா இது, போட்ட மாதிரியே இல்ல."
நோட்டில் கையெழுத்துப் போட்டாள், கழற்றாமலே.
"வால் பக்கம் போனா கழட்டிடு" என்றேன்.
சொல்லும்போதே தெரிந்தது,
திறந்த வாய்க்கு
என் சொல் ஒரு மூடி இல்லை.

இன்று திங்கள்.
பதினேழாவது தடவை எழுதுகிறேன்:
கம்பிவலை மூடி, ஒன்று.
அடியில் நகல் விழவில்லை.
கார்பன் தாளில் நீலம் தீர்ந்துவிட்டது.
புதுத்தாள் ஒன்றை எடுத்து வைத்து
அதே வரி மேல்
இன்னும் அழுத்தி எழுதுகிறேன்.