கழித்தல் முப்பத்திரண்டு

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில்
பின்னிரவு இரண்டு மணிக்கு லேபிள் அடிக்கும் நிரல்
நான் எழுதியது.
சி மொழி. நானூற்றுப் பதினோரு வரி.
விமானம் ஏறும் ஒவ்வொரு பெட்டிக்கும்
பூ, எடை, அனுப்புநர் பெயர்,
எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில்.
சரக்குக் கம்பெனிக்காரன் அப்படித்தான் கேட்டான்.

சின்ன எழுத்திலிருந்து முப்பத்திரண்டைக் கழித்தால்
பெரிய எழுத்து.
கழித்தால் பெரிதாகிற கணக்கு
எனக்குப் பிடித்திருந்தது.

பெனடிக்டா திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
பழைய ஐபிஎம் பெட்டியில்
ஐ-க்கும் ஜே-க்கும் நடுவில் ஏழு காலி மனை கிடக்கும்,
அங்கே கூட்டினால்தான் பெரிதாகும்,
அதுவும் அறுபத்து நான்கு.
மதுரையில் யார்கிட்ட இருக்கு அந்தப் பெட்டி என்றேன்.
அவள் பதில் சொல்லவில்லை. டீ குடித்தாள்.
ரோஷத்தில் கழித்தலை அழித்து
டுஅப்பர் என்ற செயற்கூற்றைப் போட்டேன்.
நூலகம் தந்தது, தப்பாகாது.

கருமாத்தூர் ஒச்சம்மா ஒரு நாள் வந்து
லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"எம்பேரத் தமிழ்ல போடு.
பொட்டி தூக்குறவன் வாசிக்க வேணாமா?"
போட்டேன்.
தராசுக்கு அடியிலிருந்த கையகலப் பலகை
மறுபேச்சில்லாமல் அடித்துத் தந்தது.

அதே நிரல்
இலந்தைக்குளம் அலுவலகத்துப் பெட்டிக்குக் குடிபோனது.
'ஒ'வைத் தொட்டதும் செத்தது.

மூன்று இரவு.
நம் எழுத்தில் எதை எடுத்தாலும்
முதல் பைட் இருநூற்று இருபத்து நான்கு.
பலகையில் அது அப்படியே இருந்தது.
இந்தப் பெட்டியிலோ கேர் என்றால் குறி உண்டு;
நூற்றிருபத்தேழைத் தாண்டினால் பள்ளம்.
இருநூற்று இருபத்து நான்கு
இங்கே கழித்தல் முப்பத்திரண்டு.

டுஅப்பரின் அட்டவணை சுழியத்தில் தொடங்குகிறது.
அதற்குக் கீழே ஒரே ஒரு வாசல்,
கோப்பு முடிந்தது என்ற சேதிக்கு.
நான் ஒச்சம்மாவை
கழித்தல் முப்பத்திரண்டாம் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.
அந்தத் தெருவில் அப்படி ஒரு வீடே இல்லை.

அதே முப்பத்திரண்டு, பார்த்தியா என்றேன்.
தற்செயல், கவிதை எழுதாதே என்றாள் பெனடிக்டா.

குறியற்ற கேர் என்று முன்னால் ஒரு வார்ப்பு.
அவ்வளவுதான் வைத்தியம்.
பெரிய எழுத்தே இல்லாத பெயரைப்
பெரிதாக்கு என்று உள்ளே அனுப்பினேன்.
போன மாதிரியே வெளியே வந்தது ஒச்சம்மா.

பிறகு இஸ்தான்புல்.

அங்கே பெட்டியை இறக்குகிறவர்களும் நம் நிரலைத்தான் ஓட்டினார்கள்,
அந்த ஊர் வழக்கில்.
மல்லி என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் போன பெயரைச்
சின்ன எழுத்தாக்கிப் பட்டியலில் தேடினார்கள்.
கடைசி ஐ இறங்கி வரும்போது
தலைமேல் புள்ளி இல்லை.
துருக்கியில் புள்ளி வைத்த ஐ ஓர் எழுத்து,
வைக்காதது வேறு எழுத்து.
அப்படி ஒரு பூ பட்டியலில் கிடையாது.
சுங்கத்தில் இரண்டு நாள்.
திறந்தபோது பழுப்பாம்.

புள்ளி வைத்தால் மெய், எடுத்தால் உயிர்மெய்
என்று படித்துத் தேறியவள் நான்.
எனக்கே தோன்றவில்லை.

இப்போது ஒப்பிடும் இடத்தில் மட்டும்
எந்த ஊர் வழக்கும் தொடாத என் சொந்த அட்டவணை,
இருபத்தாறு எழுத்துக்கு மேல் எதையும் தீண்டாது.
நானூற்று நாற்பது வரி.

ஒச்சம்மாவிடம் சொல்லத்தானே வேண்டும்.
ரசீதின் பின்பக்கத்தில் இரண்டு ஐ எழுதிக் காட்டினேன்.
"இத்தனூண்டு புள்ளிக்கா
ஆறாயிரத்து நானூறு?"

கூடையைத் தராசில் ஏற்றினாள்.
"அந்த ஊரு வேணாம். துபாய்க்குப் போடு.
அங்க எழுத்துல புள்ளி உண்டா?"

நிறைய உண்டு என்றேன்.
பெரிசு சின்னது மட்டும் கிடையாது,
நம்மள மாதிரி.

"அப்பச் சரி," என்று
ஈரச்சாக்கை உதறினாள்.
முள் பதினொன்றரையில் நின்றது.