புள்ளி இரண்டு

துறைமுகத்தின் ராயபுரம் பக்கச் சுவரோரம்
இறக்கிக் கிடத்தியிருக்கிறார்கள் நங்கூரச் சங்கிலியை.
பீய்ச்சிக் கழுவியும் போகவில்லை
ஏதோவொரு ஊர்க் கடலடியின் நாற்றம்.

கண்ணி கண்ணியாகத் தட்டிக்கொண்டு போகிறார் இருதயசாமி.
ணங். ணங். ணங்.
காலிப்பரோடு நான் பின்னால்.
புதிதில் எழுபது மில்லிமீட்டர்;
அறுபத்தொன்று புள்ளி ஆறுக்குக் கீழே தேய்ந்தால்
ஆகாது.

நூற்றுப் பதினான்காவதும்
ணங் என்றுதான் சொன்னது.
வளைவில் காலிப்பரை வைத்தேன்.
அறுபத்தொன்று புள்ளி நான்கு.
துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
புள்ளி நான்கு.

"புள்ளி ரெண்டுதானே மேடம்,
ஒரு கோட் பெயின்ட் கனம்"
என்றார் ஏஜென்ட் தனசிங்.
ராத்திரி பத்துக்குப் புறப்பாடாம்.
மோர் வாங்கிவர ஆள் அனுப்பினார், எனக்கும் சேர்த்து.

புயல் கூண்டு ஏற்றும் கம்பம்
வெறுமனே நிற்கிறது, வெயிலில்.
பத்தாம் எண் ஏறுகிற ஓர் இரவில்
இருபத்திரண்டு பேர் இந்தப் புள்ளி இரண்டில் தொங்குவார்கள்.
அதைச் சொல்லவில்லை.
சொன்னால் பிரசங்கம்.

மஞ்சள் சாக்பீஸால்
ஒரு பெருக்கல் குறி போட்டேன்.
தனசிங் போனை எடுத்துக்கொண்டு
நிழல் பக்கம் போனார்.

மோர் வந்தது. உப்பு கூடுதல்.
குடித்துவிட்டு
நூற்றுப் பதினைந்தைத் தட்டச் சொன்னேன்.