கடைமடை பம்ப்

மூன்று பேர் நாங்கள்.
பெர்னதெத்துக்குப் பகலில் ஆஸ்பத்திரியில் ஊசி போடும் கை,
இருட்டியதும் அதே கையில் பிக்.
ஜெய்லானி ஐஸ் வண்டி ஓட்டுகிறான்.
அவனுடைய டபுள் பாஸ்
மீன் பெட்டிகளுக்கு நடுவே படுத்து வரும்;
எந்த மேடையிலும் முதல் அரைமணி நேரம்
அதன் வயிற்றிலிருந்து வஞ்சிரம் மணக்கும்.
நான் நிரவி கடைத்தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன்.
எனக்கு ரிதம் கித்தார்.

டிரம்ஸ் எங்கே என்று கேட்பார்கள்.
என் வலது மணிக்கட்டைக் காட்டுவேன்.
நாலு அடி. இரண்டாவதும் நாலாவதும் நறுக்.
இடது கை உடனே தளர வேண்டும்,
சூட்டுக் காயிலைத் தொட்டுப் பார்த்து எடுப்பதுபோல.
கம்பி பேச வாயெடுக்கும்போதே
பொத்துகிற உத்தியோகம்.

ஜிப்சி ஜாஸ்காரர்கள் இந்த அடிக்கு வைத்த பெயர்
ல பொம்ப்.
பெர்னதெத்தின் வீட்டில் பாதிச் சண்டை பிரெஞ்சில் நடக்கும்.
அவள்தான் சொன்னாள், சிரித்துக்கொண்டே:
பொம்ப்னா பம்ப்.
அன்றைக்குக் கடையில் ஏழு மோட்டார் பிரித்துக் கிடந்தது.

ஆனி மாதம். மேட்டூர் திறந்து பதினெட்டு நாள்.
தண்ணீர் பேப்பரில் வந்துவிட்டது,
அரசலாற்றில் வரவில்லை.
அம்பகரத்தூரில் ஒரு ரிசப்ஷன்.
மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, அவர் ஆசைப்பட்டு அழைத்தது.
போட்டோவுக்கு நின்ற வரிசை எங்களுக்கு முதுகு காட்டி நின்றது.
ஒரு பொடியன் பாஸின் துளைக்குள்
மிக்சர் போட்டுக்கொண்டிருந்தான்.
பெர்னதெத் கண்ணை மூடிக்கொண்டு
எங்கோ மேலே, பத்தாவது கட்டுக்கு அப்பால்,
எண்ணெய்ச் சட்டியில் கடுகு மாதிரி.

வைரக்கண்ணு வந்து மேடையோரம் நின்றார்.
வேட்டியில் கரம்பை. மொய் எழுத வந்தவர் இல்லை.
பாட்டு முடியட்டும் என்று நின்றார்,
இன்னொன்று தொடங்கிவிட்டது, அதற்கும் நின்றார்.
மூன்றாவதில் அவர் கட்டைவிரல் மட்டும்
தரையில் அசைந்ததைப் பார்த்தேன்.
பிறகு சொன்னார்:
'நாத்தங்கா வெடிச்சுக் கெடக்கு தம்பி.
மோட்டார் பொகஞ்சு போச்சு.'

இன்னும் இரண்டு பாட்டு பாக்கி.
மாப்பிள்ளை வீட்டார் ஐந்நூறு பிடித்துக்கொண்டார்கள்.

கடையில் யாருக்கோ கட்டி வைத்திருந்த மோட்டார்,
பணம் கட்டாமல் கிடந்தது,
அதை ஏற்றினோம், பாஸுக்குப் பக்கத்தில்.
மும்முனை கரண்ட் ராத்திரி இரண்டுக்குத்தான்.
டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு போல்ட் முடுக்கினேன்.
சாணி கரைத்து ஊற்றினேன்.
இரண்டு எட்டுக்கு ஸ்டார்ட்டரை அமுக்க,
குழாய் முதலில் காற்றைத் துப்பியது, பிறகு சேறு,
பிறகு கையகலத் தண்ணீர்.

பெர்னதெத் இப்போது கித்தாரை எடுப்பாள்,
வரப்பில் உட்கார்ந்து இந்தச் சத்தத்தோடு சேர்ந்து வாசிப்பாள்
என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.
அவள் ஐஸ் வண்டிக்குள் பட்டுப்புடவையோடு
பாஸின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.
காலை ஆறு மணிக்கு டியூட்டி.
வோல்டேஜ் குறைவு. தாளம் இழுத்தது.
ஜெய்லானி காது கொடுத்துக் கேட்டு,
'ஒன்ன மாதிரியே ஸ்லோ' என்றான்.

வைரக்கண்ணு மடையை வெட்டிக்கொண்டே கேட்டார்:
'அந்தப் பொண்ணு அங்கயும் இங்கயும் ஓடுறப்பல்லாம்
நீங்க நின்ன எடத்துலயே
ஒண்ணு அடிச்சுக்கிட்டு இருந்தீயளே,
அதுக்கு என்ன பேரு?'

பம்ப் என்றேன்.

'நல்லா பண்ணுறீய கிண்டல்,'
மண்வெட்டியைத் தோளில் போட்டு
அடுத்த பாத்திக்கு நடந்தார்.
தண்ணீர் அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.