நோட்டில் ‘கே’

மட்சாலு விரிகுடாவில் ஏப்ரல்
இன்னும் கையுறையைக் கழற்றவில்லை.
கோபுரத்துக்கு ஐம்பத்தாறு படி.
மைமு மேலே போய்விட்டாள்.
ஃபிளாஸ்கும் கறுப்பு ரொட்டியும் சுமந்து
படிக்குப் படி முழங்காலிடம் அனுமதி கேட்டு
நான் ஏறுகிறேன்.

மேலே பின்லாந்துக்காரர் மூவர்,
மூன்று தொலைநோக்கி, பேச்சில்லை.
தபால் ஆபீஸ் ஹெல்டுர்
வெண்முக வாத்துகளை எண்ணுகிறான்:
முதலில் பத்து,
பிறகு அந்தப் பத்தைக் கைக்குட்டைபோல
கூட்டத்தின்மேல் விரித்து விரித்துப் போகிறான்.
நாலாயிரத்து முந்நூறில்
வெண்வால் கழுகு ஒன்று வந்தது.
புல்வெளியே எழுந்து போய்விட்டது.
“சரி” என்றான்.
பென்சிலைச் சீவத் தொடங்கினான்.

அப்போதுதான் நாணலுக்குள்ளிருந்து
காலி பாட்டிலின் வாயில் யாரோ ஊதுவதுபோல
மூன்று முறை. இடைவெளி. இன்னும் இரண்டு.
பெருங்குருகு.
இங்கே அதை ஹூப் என்போம்,
குரலையே பெயராக வைத்துவிட்டோம்,
ஆளைப் பார்த்தவர் குறைவு என்பதால்.

மைமு என் சட்டைக் கையைப் பிடித்தாள்.
பதினோரு வசந்தமாக அவள் நோட்டில்
அந்தப் பெயருக்கு எதிரே ஒரே எழுத்து:
‘கே’.
கேட்டது.
‘பா’ விழவே இல்லை.

உள்ளே போன டீ வெளியே வரத்தானே வேண்டும்.
இறங்கி, படகுத்துறையைத் தாண்டி
ஓரமாக நின்று பொத்தானோடு மல்லுக்கட்டுகையில்
நாலு முழத் தொலைவில்
ஒரு நாணல் என்னைப் பார்த்தது.

அலகு வானத்துக்கு.
அதன் அடியால் எட்டிப் பார்க்கும் இரண்டு மஞ்சள் கண்.
கழுத்தெல்லாம் காய்ந்த தாளின் கோடுகள்.
காற்று வந்தால் நாணலோடு அசைந்தது,
காற்று நின்றால் நின்றது.
நான் இல்லை, நான் இல்லை என்றது உடம்பு முழுக்க.
நானும் அதையே சொன்னேன்,
கால்சட்டை பாதி திறந்தபடி.

பிறகு ஒரு காலைத் தூக்கி
மறதியில் வைப்பதுபோல் வைத்தது.
அடுத்த கணம் வெறும் நாணல்.

படியேறும்போது வாக்கியங்களை மாற்றி மாற்றி அடுக்கினேன்.
சொன்னால் ஐம்பத்தாறு படியும் ஓடுவாள்,
அது அங்கே இருக்காது.
நாற்பதாவது படியில் சொல்வதாக இருந்தேன்.
ஐம்பதிலும்.

“ஏன் இவ்வளவு நேரம்?”
“பொத்தான். விரல் விறைத்துப்போச்சு.”
என் விரல்களை எடுத்து
தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள்,
கண் நாணலிலேயே.

கீழே மறுபடி அந்தப் பாட்டில்.

“கேட்டாயா?”

கேட்டேன் என்றேன்.