ஆடு கணக்கில் இல்லை

கோவைப் போட்டி ரத்து என்று தகவல் வந்த இரவு
தட்டுவடையைப் பழைய போர்வையில் சுற்றி
பிரகதீஷ் வீட்டுக் கட்டிலடியில் தள்ளினோம்.
தட்டையாய், வட்டமாய்,
ஓரமெல்லாம் ரம்பம் கடித்த அலுமினியத் தகடு.
செவ்வாப்பேட்டையில் பிறந்த ரோபோவுக்கு
வேறென்ன பெயர் வைப்பது?

இரண்டரை நிமிடத்தில்
பன்னிரண்டு மஞ்சள் கட்டைகளை
ஆளுயரத்துக்கு மேல் அடுக்கத் தெரியும் அதற்கு.
வேறெதுவும் தெரியாது.
எங்களுக்கும்தான்.

கொலுசுப் பட்டறைகளில் மெருகுச் சக்கரம் நின்றுவிட்டது.
அந்த இரைச்சல் போன தெருவில்
ஈயம் உருகும் சத்தம்கூடக் கேட்டது.
ஜூலைக்குள் பதினைந்து பெட்டிகள் செய்தோம்:
கை நீட்டினால் மூன்று சொட்டு சானிடைசர்.
ரேஷன் கடைகளுக்கு, உழவர் சந்தைக்கு,
ஜவ்வரிசி ஆலை வாசலுக்கு ஒன்று.
அது மூன்றாம் நாள் காணோம்.
ஆணி மட்டும் இருந்தது.

பதினைந்தாவது, மலைக்கு.
அடிவாரச் சோதனைச் சாவடியில்
பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்த காவலர்
பெட்டிக்குக் கீழே கை நீட்டிப் பார்த்தார்.
தேய்த்துக்கொண்டே வழிவிட்டார்.
இருபது கொண்டை ஊசி வளைவு.
பதினொன்றில் பர்வீனுக்கு வாந்தி.
முகக்கவசத்தைக் கழற்றலாமா கூடாதா,
வண்டியில் யாருக்கும் தெரியவில்லை.

கீழ்ப்பாறைக்காடு. முப்பத்தொரு வீடு.
கம்பத்தில் கட்டி முடித்து
ஜெஸ்வின் விழிப்புணர்வு உரையைத் தொடங்குமுன்
ஒரு வெள்ளாடு வந்து மூக்கை நீட்டியது.
மூன்று சொட்டு.
தும்மியது. மறுபடி நீட்டியது.
மூன்று சொட்டு.
ஆறடி இடைவெளி விட்டு ஊரே சிரித்தது.
மாதம்மாள் மட்டும் கேட்டார்:
"இது தீந்துபோனா யாரு ஊத்துவா?"
உரையில் அதற்குப் பதில் இல்லை.

ஏழாம் வகுப்பு ரோஜாமணி
பெட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.
"இதுல சிக்னல் வருமாக்கா?"
வராது.
அவள் கைகாட்டிய சில்வர் ஓக் மரத்தில்
மிளகுக்கொடி அறுந்து தொங்கியது.
கணக்கு வகுப்புக்காகப் போனோடு ஏறி
விழுந்தவன் அவள் தம்பி.
மாவுக்கட்டின் மேல் பேனாவால் எழுதியிருந்தது
அன்றைய வீட்டுப்பாடம்.

அந்த வாரம் பிரகதீஷின் பெரியப்பா
பெரியாஸ்பத்திரியில் இறந்தார்.
வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. நாங்களும் போகவில்லை.
வாட்ஸ்அப்பில் நான்கு பேரும்
தட்டச்சு செய்துகொண்டே இருந்தோம்,
ஒருவரும் எதையும் அனுப்பவில்லை.
இரவு இரண்டு மணிக்கு அவனே அனுப்பினான்:
'தூக்கியின் வேகத்தைக் கால்வாசியாக்கினால்
மேலே போன் ஆடாது.'

தட்டுவடையை உடைத்தோம்.
"உடையறதுக்குத்தானே தட்டுவடை" என்றாள் பர்வீன்.
முதலில் யாரும் சிரிக்கவில்லை.

அதன் நான்கடுக்குத் தூக்கி இப்போது
கீழ்ப்பாறைக்காட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல்.
காலை ஒன்பதரைக்கு ஒரு போன்
நூல் பிடித்தாற்போல் மேலே போகும்.
உச்சியில் இரண்டு கோடு சிக்னல்.
கீழே இன்னொரு போனைச் சுற்றிப் பதினாறு தலைகள்.
பனி இறங்கும் நாளில்
மேலே போனது கண்ணுக்குத் தெரியாது.
டீச்சர் குரல் மட்டும் வந்துகொண்டிருக்கும்:
'எல்லாருக்கும் கேக்குதா?'

அடுத்த ஆண்டுப் போட்டிப் படிவத்தில்
ஒரு கட்டம் கேட்டது: பயனடைந்தோர் எண்ணிக்கை?
பெட்டிக்கு எவ்வளவு, தூக்கிக்கு எவ்வளவு என்று
ஜெஸ்வின் கூட்டிக்கொண்டிருந்தபோது
ரோஜாமணியிடமிருந்து குரல் செய்தி.
பின்னணியில் மழை, ஆடு, யாரோ இருமல்.

"அக்கா, கயிறு சிக்கிக்கிச்சு.
கப்பிய கழட்டி, தேங்காண்ணெ போட்டு
நாங்களே மாட்டிட்டோம்.
நீங்க வர வேணாம்."

நான்கு பேரும் அதைத்
திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம்.
கட்டம் இன்னும் காலியாக இருந்தது.