காத்திருப்பவர்: ஒருவர்

கம்பத்து உச்சியில் சென்சார் வந்து நான்கு நாள்.
மிதிவண்டி காத்து நின்றால்
வலப்பக்கம் திரும்பும் லாரிக்குச் சிவப்பு.
அவ்வளவுதான் அதன் வேலை.

பிரேமன் நகராட்சிக்குப் புகார்மேல் புகார்:
நடுச்சாமத்தில், ஈ காக்கை இல்லை,
சிவப்பு மட்டும் விழுகிறது.

வீப்கே மடிக்கணினியைத் திறக்கிறாள். தூறல்.
திரையில் பச்சைக் கட்டம்;
காத்திருப்பவர்: ஒருவர்.
நிமிர்ந்தாள்.

வேலியோடு பூட்டிய வெள்ளை மிதிவண்டி,
டயர் முதல் மணி வரை வெள்ளை,
கூடையில் நனைந்த துலிப் பூ,
அட்டையில்
ஹென்னிங், பத்தொன்பது வயது.

அந்த மூலையை மட்டும் மறைத்துவிட்டால் சரியாகிவிடும்.
ஒரு சதுரம் வரைகிறாள்.
காத்திருப்பவர்: யாருமில்லை.
சேமிக்கவா, என்கிறது திரை.

விரல் ஈரமென்று துடைக்கிறாள்.
மறுபடி துடைக்கிறாள்.

சிவப்புக்கு முன்னால் ஒரு லாரி,
இண்டிகேட்டர் துடிக்க,
இன்னும் நிற்கிறது.