உலோகம், அடையாளம் தெரிந்தது

லன்சரோட்டே. தீவின் வடமுனை.
எரிமலை கக்கிவிட்டு மறந்துபோன
கரும்பாறைப் பரப்பு.
செருப்பைத் தின்னும் தரை.

சறுக்குப் பலகையில் ஆன்டெனாவைக் கட்டி
இதாய்ரா இழுக்கிறாள்.
பின்னால் அனிசேத்தோ,
கேபிள் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு
கடற்காற்றை வைதபடி.

அவர்கள் தேடுவது இங்கே இல்லை.
வெள்ளியில்.
மேகம் ஒருநாளும் விலகாத அந்த முகத்தில்
தொலைநோக்கிக்கு வேலையில்லை,
ரேடார் மட்டும்தான் முக்காட்டுக்குள் கை நுழைக்கும்.
எரிகுழம்பு ஓடி வடிந்தபின்
தரைக்கடியில் மிஞ்சும் நீண்ட வெற்றுக் குழல்கள்
அங்கும் இருக்குமா?
அதற்குமுன்
இருப்பது தெரிந்த இடத்தில்
இருப்பதைப் பார்க்கக் கருவி பழகவேண்டும்.

இங்கே இருப்பது ஊருக்கே தெரியும்.
கடற்கொள்ளையர் வந்த நாட்களில்
தீவுக்காரர்கள் குழலுக்குள் இறங்கி
பிள்ளைகளின் வாயைப் பொத்திக் கிடந்தார்களாம்.
இன்று எட்டு யூரோ கொடுத்து இறங்கலாம்.
அது வேறு பகுதி.

சந்தையில் தர்ப்பூசணியைத் தட்டுகிற வித்தைதான்.
தட்டு. காத்திரு. திரும்பி வருவதைக் கேள்.
பாறைக்குள் அலை
சேற்றில் கால் புதையப் புதைய நடக்கிறது;
வெற்றிடம் வந்ததும் ஓட்டமெடுக்கிறது.
விரைந்து கடந்துவிடுவதால்
ஆறு மீட்டர் உயரக் குகை
திரையில் இரண்டரை மீட்டராய்ச் சுருங்கித் தெரியும்.
வெறுங்கை முழம் போடாது, சரி.
வெறுமை போடுகிறது,
குறைத்து.

வெள்ளிக்கிழமை பிற்பகல், பதினேழாவது கோடு.
வரைபடத்தில் கூரை உள்ள இடத்தில்
திரையில் கூரை இல்லை.
ஓட்டை விழுந்து, யாரோ அடைத்த கூரை.
கீழே கற்குவியல், கூம்பாக.
அதன் உச்சியில்
கவிழ்த்த கிண்ணம்போல் ஒரு பளிச்சிடல்.
பாறை இப்படிக் கத்தாது.
"இரும்பு" என்றான் அனிசேத்தோ.

நிலம் பங்க்ராசியோ குர்பேலோவுடையது.
நெடுஞ்சாலையில் டயர்க்கடை.
கை துடைக்கிற துணியைக் கீழே வைக்காமலே
படத்தை நெடுநேரம் பார்த்தார்.

நாற்பத்துமூன்று தள்ளுவண்டிக் கல், என்றார்.
ஒரு குளிர்பெட்டி. ஆட்டுக்கொட்டிலின் உடைந்த கதவு.
கடைசியில் ஃபெர்மினுடைய மோட்டார் சைக்கிள்.
தம்பி.
வண்டிக்கு ஒரு கீறலும் இல்லை அன்றைக்கு,
அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.
மேலே பலகை, சிமென்ட், எரிமலைச் சாம்பல்.
அரசாங்கத்துக்குச் சொல்வீர்களா?

இதாய்ரா தலையசைத்தது
ஆமா, இல்லையா,
அவளுக்கே தெரியவில்லை.

"எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது?"

இவ்வளவு துல்லியம் இதில் வராது, என்றாள்.

"நிறம்?"

நிறம் தெரியாது இதற்கு.

"பச்சை," என்றார்.
"குறித்துக்கொள்ளுங்கள்."

இரவு வாடகை அறையில்
வெள்ளியின் பழைய படங்கள்.
முன்னொரு காலத்தில் ஒரு விண்கலம்
சாய்வாகப் பார்த்துவிட்டுப் போனவை.
குழிகளின் ஒரு விளிம்பு வெளுத்து, ஒரு விளிம்பு இருண்டு.
ஒன்றில் மட்டும்
இருள் முடியவேண்டிய இடத்தில் முடியாமல்
உள்ளே போகிறது.
கதவு திறந்த வீட்டின் இருட்டு.

யாரும் ஒளிந்திராத இடம்.
யாரும் எதையும் தள்ளி மூடாத இடம்.
அந்த வெப்பத்தில் ஈயம் உருகும்;
அனிசேத்தோ தூக்கத்தில் இருமுகிறான்.
அவள் அளக்கிறாள், அழிக்கிறாள்,
திரும்ப அளக்கிறாள்.
குறைந்தது இருநூறு மீட்டர், இருந்தால்.
இருந்தால் என்ற சொல்லை
அறிக்கையில் நான்கு முறை எழுதுகிறாள்.

பிறகு களக்குறிப்பேட்டை எடுத்து
பதினேழாம் கோட்டுக்கு நேரே:
உலோகம், அடையாளம் தெரிந்தது.
தோண்ட வேண்டாம்.
பச்சை.